மதுரையைவிடப் பக்கத்தில் யாழ்ப்பாணம்: சென்னையிலிருந்து 355 கி.மீ. பறக்க உண்மையில் எவ்வளவு நேரம்?

ஒரு சின்னக் கேள்வி. சென்னை விமான நிலையத்திலிருந்து வானில் நேர்க்கோடு போட்டால் கோவை, மதுரை, யாழ்ப்பாணம் மூன்றில் எது பக்கம்?

பலரும் மதுரை என்பார்கள். வெளிநாடு என்பதால் யாழ்ப்பாணத்தைக் கடைசியில் வைப்பார்கள். விடை நேர்மாறு. சென்னையிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 415 கி.மீ., கோவை 400 கி.மீ.க்குச் சற்று மேல். யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள பலாலி விமான நிலையமோ சுமார் 355 கி.மீ.தான். மூன்றிலும் அதுதான் கிட்ட.

ஆச்சரியமாக இருந்தால் மேப்பைத் திறந்து பாருங்கள். சென்னையும் யாழ்ப்பாணமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 80 டிகிரி கிழக்கை ஒட்டி இருக்கின்றன. மதுரையும் யாழ்ப்பாணமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மதுரைக்குப் போக தெற்கேயும் போகணும், மேற்கேயும் போகணும். யாழ்ப்பாணத்துக்கு நேர் தெற்கே போனால் போதும்.

இத்தனை பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? எந்த ஆண்டில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இதற்கு விடை மாறும். அதற்கு முன், டிக்கெட் ஆப் காட்டும் நேரம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

இரண்டு ஊர்களுக்கு இடையேயான விமான தூரம் என்று இணையத்தில் தட்டினால் வரும் எண், பெரும்பாலும் பூமியின் வளைந்த மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரம். லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகும் விமானம் மேப்பில் கிரீன்லாந்து பக்கமாக வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். விமானி சுற்றிப் போகவில்லை. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்ததால் குறுக்குவழி வளைவாகத் தெரிகிறது.

சென்னை - யாழ்ப்பாணம் வழியில் அந்தக் குழப்பமே இல்லை. தீர்க்கரேகையை ஒட்டியே பயணம் என்பதால், மேப்பிலும் நேர்க்கோடு, வானிலும் நேர்க்கோடு. விமானத்துறை கணக்கில் சுமார் 192 கடல் மைல்.

கணக்குப்படி 42 நிமிஷம், டிக்கெட்டில் 75 நிமிஷம்

இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72 ரக விமானம். இரு பக்கமும் விசிறி சுழலும் டர்போப்ராப். உச்சப் பயண வேகம் மணிக்குச் சுமார் 510 கி.மீ. 355ஐ 510ஆல் வகுத்தால் 42 நிமிடம். ஆனால் பயண நேரம் ஒன்றேகால் மணி என்கிறது அட்டவணை. மிச்சம் 33 நிமிஷம் எங்கே போச்சு?

அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் கிடையாது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து, போய்ச்சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை போடும் வரை உள்ள மொத்த நேரம். இதை 'பிளாக் டைம்' என்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம்.

சென்னையில் இன்னொரு விஷயமும் உண்டு. இங்குள்ள பிரதான ஓடுபாதை கிட்டத்தட்ட கிழக்கு - மேற்காக இருக்கிறது. போக வேண்டியது தெற்கே. மேலேறிய பிறகு திரும்பித்தான் வழியைப் பிடிக்க முடியும். பலாலியிலும் ஓடுபாதை வடகிழக்கு - தென்மேற்கு திசையில்தான் உள்ளது. அன்றைய காற்றைப் பொறுத்து எந்த முனையிலிருந்து இறங்குவது என்று முடிவாகும். ஏறும்போதும் இறங்கும்போதும் 510 கி.மீ. வேகம் கிடைக்காது. 355 கி.மீ. பயணத்தில் ஏற்றமும் இறக்கமுமே கணிசமான பங்கு.

இதற்கு மேல், தாமதம் வந்தால் சமாளிக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியே அட்டவணை போடுவதும் வழக்கம். 'பத்து நிமிஷம் முன்னாடியே இறங்கிட்டோம்' என்று நீங்கள் சந்தோஷப்படும் நாட்களில் பாதி இந்தக் கணக்குதான்.

ஜெட் விமானம் விட்டால் பாதி நேரத்தில் போய்விடலாமே? ஏ320 மாதிரியான ஜெட் மணிக்கு 830 கி.மீ.யை ஒட்டிப் பறக்கும். காகிதத்தில் 26 நிமிடம். ஆனால் அந்த வேகத்துக்கும் உயரத்துக்கும் ஏறி முடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். நடைமுறையில் மிச்சமாவது பத்து, பதினைந்து நிமிஷம். அதற்காக எரிபொருளைக் கூடுதலாக எரிக்க வேண்டும், 180 சீட்டை நிரப்பவும் வேண்டும். எழுபது சொச்சம் பேர் ஏறும் ஏடிஆர்தான் இந்த மாதிரிக் குறுகிய வழிகளுக்குக் கட்டுப்படியாகும்.

வேடிக்கை என்னவென்றால், சென்னையிலிருந்து கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 645 கி.மீ., யாழ்ப்பாணத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஜெட்டில் அங்கே போகவும் கிட்டத்தட்ட இதே நேரம்தான் ஆகிறது.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை

சரி, ஒன்றேகால் மணி நேரம்தானே என்று மதியம் கிளம்பி மாலை டீக்கு யாழ்ப்பாணத்தில் இருக்க முடியுமா? முடியும், ஆனால் காலையிலேயே கிளம்பணும். சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்கச் சொல்வார்கள். அதற்கு முன் வீட்டிலிருந்து விமான நிலையம் வரை சென்னை டிராஃபிக். இறங்கிய பின் குடிவரவு, சுங்கம், பெட்டி. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் இன்னும் 17 கி.மீ. அளவில். எல்லாம் கூட்டினால் ஆறு, ஆறரை மணி நேரம். வந்தே பாரத்தில் எழும்பூரிலிருந்து மதுரை போய்ச் சேரும் நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

இதே பயணம் கொழும்பு வழியாக என்றால்? சென்னையில் மூன்று மணி நேரக் காத்திருப்பும் ஒன்றரை மணி நேர விமானமும் அப்படியேதான். கட்டுநாயக்கவில் இறங்கி, பஸ்ஸோ வேனோ பிடித்து வடக்கு நோக்கி ஏழு, எட்டு மணி நேரம் தரைவழிப் பயணம். யாழ்ப்பாணத்தைத் தாண்டி 300 கி.மீ. தெற்கே போய் இறங்கி, வந்த வழியிலேயே திரும்பி வருவது மாதிரி. மொத்தம் 13, 14 மணி நேரம் ஆகிவிடும். லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் ஊருக்கு வரும் யாழ்ப்பாணத்துக்காரர்களில் பெரும்பாலானோர், கண்டம் தாண்டிய களைப்போடு, இந்த ராத்திரிப் பயணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பண்ணுவார்கள்.

ஆக, 355 கி.மீ.க்கு ஆறு மணி நேரம் அல்லது பதினான்கு மணி நேரம். நடுவே அந்தச் சின்ன விமானம் ஓடுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். அது ஓடாத ஆண்டுகள்தான் அதிகம்.

1947ல் ஒரு மணி நேரம்

பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக அமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் பயணிகள் விமானம் வந்தது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அப்போது குறிப்பிட்டது பலாலியைத்தான். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்கவே இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அந்த டகோட்டா விமானத்தின் வேகம் மணிக்கு 300 கி.மீ.க்குச் சற்று மேல். கணக்குப் போட்டால், காங்கேசன்துறையிலிருந்து சென்னை வரை ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். இன்றைய அட்டவணைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை!

விமானச் செலவு கட்டாதவர்களுக்கு ரயிலும் கப்பலும் இருந்தன. 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறி தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில் என்று ஒரே மூச்சில் போகும் வழி அமைந்தது. 'போட் மெயில்' என்று தாத்தா காலத்து ஆட்கள் சொல்வது இதைத்தான். யாழ்ப்பாணம் போகிறவர்கள் மதவாச்சியில் வடக்கே போகும் ரயிலுக்கு மாறிக்கொள்வார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் 1980களின் நடுப்பகுதி வரை ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

போர் காலக் கணக்கு

உள்நாட்டுப் போர் தொடங்கிய பிறகு, சென்னையை விடுங்கள், கொழும்பிலிருந்தே யாழ்ப்பாணம் தூரமாகிப் போனது. 1990ல் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. யாழ்தேவி ரயில் நின்றது. குடாநாட்டு மக்கள் வெளியே வர கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். பின்னர் ராணுவத்தின் கட்டுப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் வந்ததும், பலாலி - இரத்மலானை விமானமும் திருகோணமலைக் கப்பலுமே வழி என்றானது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் கடலில் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள்.

2002ல் போர்நிறுத்தத்தோடு ஏ9 திறந்தது. 2006ல் மறுபடி மூடியது. 2009ல் போர் முடிந்த பின் மறுபடி திறந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது 2014 அக்டோபரில்தான்.

இந்தக் காலத்தில் கடிகாரம்கூட ஒன்றாக இல்லை. பயண நேரம் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1996ல் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இலங்கை அரசு கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, பின்னர் அதை அரை மணி நேரமாகக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. ஏ9 பாதையில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் பின்னால் போய்விடுவோம்! 2006 ஏப்ரல் 15 அன்று நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இன்று சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே நேரம். கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம்.

திறந்து, மூடி, மறுபடி திறந்து

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அப்போது ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக இருந்த அலையன்ஸ் ஏரின் விமானம் சென்னையிலிருந்து போய் இறங்கியது. நவம்பர் 11 முதல் வழக்கமான சேவை தொடங்கியது. சுமார் நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த விமானம், நான்கே மாதம்தான் ஓடியது. 2020 மார்ச்சில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது.

உலகம் முழுக்க விமானங்கள் திரும்பப் பறக்க ஆரம்பித்த பிறகும் இந்த வழி உடனே திறக்கவில்லை. இலங்கையின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2022 டிசம்பர் 12 அன்றுதான் அலையன்ஸ் ஏர் மறுபடி போனது. இரண்டே முக்கால் ஆண்டு இடைவெளி.

சென்னையில் வேலைக்காகவோ படிப்புக்காகவோ கல்யாணமாகியோ வந்து இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்கு இந்த இடைவெளி என்றால் என்ன? ஊரில் அப்பாவோ அம்மாவோ தவறிப்போனதாகக் காலையில் ஃபோன் வந்தால், விமானம் ஓடும் காலத்தில் அன்று மாலையே வீட்டு முற்றத்தில் நிற்கலாம், முகம் பார்க்கலாம். கொழும்பு சுற்றித்தான் போகணும் என்றால் டிக்கெட் கிடைத்து, இறங்கி, வேன் பிடித்து வீடு சேர்வதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். எட்டுச்செலவுக்கு நிற்கலாம், அந்தியேட்டிக்கு நிற்கலாம். முகம் பார்க்கும் அந்த ஒரு நாள் போனது போனதுதான். மருத்துவத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வரும் நோயாளிக்கும் இதே கதை. அறுவை சிகிச்சை முடிந்த உடம்போடு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் உட்காருவதும், வேனில் எட்டு மணி நேரம் குலுங்கிப் போவதும் ஒன்றா?

2024 செப்டம்பர் 1 அன்று இண்டிகோ இந்த வழியில் தினசரி சேவை தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டது. திருச்சி - யாழ்ப்பாணம் நேர்க்கோட்டில் சுமார் 185 கி.மீ.தான், சென்னையிலிருந்து இருப்பதில் பாதி. ஆனால் பயண நேரம் பாதியாகவில்லை, ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். டெல்டாவிலும் தென் மாவட்டங்களிலும் இருப்பவர்களுக்குச் சென்னை வரும் வேலை மிச்சம்.

கப்பல் எப்படி?

கோடியக்கரையிலிருந்து காங்கேசன்துறைப் பக்கக் கரை 55 கி.மீ. சொச்சம்தான். ஆனால் கப்பல் கிளம்புவது நாகப்பட்டினத்திலிருந்து. அங்கிருந்து காங்கேசன்துறை சுமார் 110 கி.மீ., நான்கு மணி நேரப் பயணம். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவை சில நாட்களிலேயே மழைக்காலத்தைக் காட்டி நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறு கப்பலோடு மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடல் அனுமதிக்காது, சேவை நிற்கும். சென்னைக்காரர்கள் நாகப்பட்டினம் போய்ச் சேரவே ஒரு ராத்திரி பஸ் பயணம் வேண்டும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சாமான் அதிகம் உள்ளவர்களுக்கும், விமானம் வேண்டாம் என்பவர்களுக்கும், கடலைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் இது சரி. அவசரத்துக்கு ஆகாது.

ஓடுபாதையை நீட்டினால்?

பலாலிக்குப் பெரிய விமானம் வர வேண்டும் என்ற பேச்சு 2019லிருந்தே இருக்கிறது. பெரிய விமானம் வந்தால் சென்னைப் பயணம் பத்து நிமிஷம் குறையும் என்பது பெரிய விஷயமில்லை. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நேரே வர முடியும் என்பதுதான் விஷயம். கொழும்பிலிருந்து வரும் அந்த எட்டு மணி நேரம் அப்படியே காணாமல் போகும்.

ஆனால் ஓடுபாதையைச் சுற்றி இருப்பது வெறும் நிலமில்லை. வலிகாமம் வடக்கில் 1990ல் வீட்டை விட்டு வெளியேறியவர்களின் காணிகள் அங்கே உண்டு. உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த இந்தப் பகுதியில் போருக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் விடுவிக்கப்பட்டது, இன்னும் முழுசாக இல்லை. வசாவிளான் - பலாலி வீதியே முப்பது ஆண்டுகளுக்கும் மேல் மூடிக் கிடந்து, 2025 ஏப்ரலில்தான் நிபந்தனைகளோடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்தக் காணிகளில் ஒன்றின் சொந்தக்காரர் இன்று டொரன்டோவில் இருக்கலாம். நேரடி விமானம் வந்தால் ஊருக்கு வர அவருக்குத்தான் வசதி. அந்த விமானம் இறங்க நிலம் எடுத்தால் வந்து நிற்க அவருக்கு வீடு இருக்காது.

தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் வாழும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்களுக்கோ டிக்கெட் ஆப்பின் கணக்கு எதுவுமே பொருந்தாது. படகில் வந்தவர்களில் பலரிடம் பாஸ்போர்ட் இல்லை. திரும்பிப் போக நினைத்தால் பயண ஆவணம் வேண்டும், இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். அந்தக் காகிதங்கள் கைக்கு வந்த பிறகுதான் ஒன்றேகால் மணி நேரக் கணக்கு ஆரம்பிக்கும்.

டிக்கெட் போடும் முன்...

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் இலங்கைக்கான ஈடிஏ அனுமதி விதிகளை, போகும் வாரத்தில் ஒருமுறை அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது, அடிக்கடி மாற்றுகிறார்கள். நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால் அன்றே திரும்பி முக்கியமான வேலைக்கு வருகிற மாதிரித் திட்டம் போடாதீர்கள். மழைக்காலத்தில் வங்கக்கடலோரம் எதுவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஏடிஆர் சிறிய விமானம், தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடமும் சிறிது. பெரிய கேபின் டிராலியைக் கொண்டுபோய் வாசலில் தகராறு செய்ய வேண்டாம்.

போகும்போது வலது பக்க ஜன்னல் சீட் கேளுங்கள். மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டியதும் கரை மெல்ல மேற்கே விலகிப் போகும். ஏடிஆர் ஜெட்டைப்போல ரொம்ப உயரத்தில் பறக்காது. வானம் தெளிவாக இருந்தால் கோடியக்கரை வரை அந்தக் கரைக்கோடு கண்ணில் பட வாய்ப்பு உண்டு. அது முடிந்து கொஞ்ச நேரத்தில் சீட் பெல்ட் விளக்கு எரியும்.